மந்தைவெளியை அடைக்கும் முன் கணக்கைத் திருத்துங்கள்: இறைச்சி மாட்டுப் பண்ணைத் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

எங்கள் ஊருக்குக் கிழக்கே, குளத்தின் உபரிநீர் வழியும் மறுகாலுக்கு அப்பால் கிடக்கும் மந்தைவெளியை, அதாவது ஊரின் மேய்ச்சல் புறம்போக்கை, கம்பிவேலி போட்டு அடைத்து, அதில் இருநூறு காளைக்கன்றுகளைக் கட்டிவைத்துத் தீவனம் போட்டு வளர்க்கும் மாதிரி இறைச்சி மாட்டுப் பண்ணை ஒன்றை அமைக்கத் தாங்கள் முடிவெடுத்திருப்பதைச் சென்ற கிராமசபையில் வாசிக்கப்பட்ட குறிப்பின் வழியே அறிந்தோம். அந்தக் குறிப்பில் நிலத்தைப் பற்றி இரண்டு வரியும், மாட்டைப் பற்றி ஒரு வரியும், பருவநிலையைப் பற்றி ஒரு முழுப் பத்தியும் இருந்தன. மேய்ந்து வளரும் மாடு ஒரு கிலோ இறைச்சிக்குக் கூடுதலாக மீத்தேன் விடுகிறது, கொட்டகையில் அடர்தீவனம் தின்று வளரும் மாடு குறைவாக விடுகிறது, ஆகவே மேய்ச்சலைக் கைவிடுவதே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது அந்தப் பத்தியின் சாரம். எங்கள் மந்தைவெளியோ அதில் ‘பயனின்றிக் கிடக்கும் தரிசு’ என்று குறிக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டு வாய்மூடி இருக்க முடியாததால்தான் இந்த மடல்.

நான் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னும் பின்னும் மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. மாட்டிறைச்சி உண்பதையோ, மாடு வளர்த்து அறுப்புக்கு விற்பதையோ நான் எதிர்க்கவில்லை. பருவநிலையைச் சாக்காக வைத்து அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கிறவர்களின் கட்சியில் தயவுசெய்து என்னைச் சேர்த்துவிட வேண்டாம். இறைச்சிக்காக மாடு வளர்க்கும் முறைகள் பல. அவை ஒவ்வொன்றும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் செய்வது வேறுவேறு. எந்த நிலத்தில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். குழு இதைப் பார்க்கவில்லை, எங்கோ வேறொரு மாட்டுக்குப் போட்ட கணக்கை எடுத்து எங்கள் மந்தையின் மேல் வைத்திருக்கிறது என்பதே என் முறையீடு.

கணக்கு முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். மாட்டின் பெருவயிற்றில் நார்த்தீவனம் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. மாவுச்சத்து மிகுந்த தானியத்தைத் தின்றால் அது குறையும். ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டுப் பருவநிலைக் குழுவின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி நூல், புல்லும் வைக்கோலும் தின்னும் மாடு தான் தின்னும் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 6.5 விழுக்காட்டை மீத்தேனாக இழக்கிறது என்றும், நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அடர்தீவனமே தின்னும் கொட்டில் மாடு 3 விழுக்காட்டை இழக்கிறது என்றும் வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. அதோடு அமெரிக்கக் கொட்டில் மாடு ஒன்றரை வயதை ஒட்டியே அறுப்புக்குப் போய்விடுகிறது; புல்லிலேயே வளர்வதற்கு இரண்டு, இரண்டரை ஆண்டு ஆகிறது. குறைந்த நாள் உயிரோடு இருக்கும் மாடு குறைந்த நாள்தான் ஏப்பம் விடும். மீத்தேன் சாதாரண வாயுவும் அன்று. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 27 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்துவைப்பது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டே மேலே பேசுகிறேன்.

அந்தக் கணக்கு எந்த மாட்டுக்குப் போடப்பட்டது என்பதுதான் கேள்வி. 119 நாடுகளில் முப்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் ஆகிய இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வை உலகமே மேற்கோள் காட்டுகிறது. அதில் மாட்டிறைச்சிக்கு ஒரே எண் இல்லை, இரண்டு இருக்கின்றன. இறைச்சிக்கென்றே தாய்ப்பசு முதற்கொண்டு வைத்து வளர்க்கும் மந்தையிலிருந்து வரும் இறைச்சிக்குக் கிலோவுக்குச் சராசரியாகச் சுமார் 99 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெளியீடு. பால் மந்தையிலிருந்து உபரியாக வரும் இறைச்சிக்குச் சுமார் 33 கிலோ. நிலக்கணக்கில் வேறுபாடு இன்னும் பெரிது: முன்னதற்குக் கிலோவுக்கு 326 சதுர மீட்டர், பின்னதற்கு 43. காரணம் எளியது. இறைச்சி மந்தையில் தாய்ப்பசு ஆண்டு முழுதும் தின்பதும் விடுவதும் அது ஈனும் ஒற்றைக் கன்றின் கறிக்கணக்கில்தான் ஏறும். பால் மந்தையில் அந்தப் பாரத்தின் பெரும்பங்கைப் பால் சுமந்துகொள்ளும்.

எங்கள் வட்டாரத்தில் கறிக்கென்று தாய்ப்பசு வைத்திருக்கும் வீடு ஒன்றைக் காட்டுங்கள். இங்கே பாலுக்கு மாடு, எருவுக்கு மாடு, இன்னும் சில வீடுகளில் ஏருக்கும் வண்டிக்கும் மாடு. இவற்றில் பால் வற்றியதும், சினை பிடிக்காததும், நுகத்துக்கு ஆகாததும், வேண்டாத காளைக்கன்றும்தான் மேலப்பாளையம் சந்தைக்கும், முன்காலத்தில் கழுகுமலை மாட்டுத்தாவணிக்கும் போய், அங்கிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஏறின. எங்கள் மாட்டிறைச்சி பால், உழவு, எரு மூன்றுக்கும் பிறகு மிஞ்சுவது. அதே 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி, பால் மாடு அல்லாத பிற மாடு ஒன்றுக்கு ஆண்டுக்கு வட அமெரிக்காவில் 53 கிலோ மீத்தேன் என்றும் இந்தியத் துணைக்கண்டத்தில் 27 கிலோ என்றும் கொடுத்திருக்கிறது. தலைக்கணக்கில் பாதி. கிலோ கறிக்கணக்கில் வகுத்தால் எங்கள் மாடு தோற்றுப்போகும், உண்மைதான். மெலிந்த மாடு, மெதுவாக வளரும் மாடு, அதனால் தோற்கும். ஆனால் அது கறந்த பாலையும் போட்ட சாணத்தையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சிய எலும்புக்கும் சதைக்கும் மட்டும் எல்லாப் பழியையும் வகுத்துப் போடுவது என்ன நியாயம்?

இன்னொன்றையும் குழுவின் முன் வைக்கிறேன். கொட்டில் முறை எங்கே வளர்ந்ததோ அந்த இடத்துக் கதையைப் பாருங்கள். டெக்சாஸ், கான்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களில் ஒரே வளாகத்துக்குள் பல்லாயிரம் மாடுகள் மக்காச்சோளம் தின்று நிற்கின்றன. அந்தச் சோளத்துக்கும் பிற பயிர்களுக்கும் இறைத்து இறைத்தே ஓகலாலா என்னும் மாபெரும் நிலத்தடி நீர்த்தேக்கம் அந்தச் சமவெளியின் தென்பாகத்தில் பல இடங்களில் வற்றிக்கொண்டு வருகிறது. சோள வயல்களிலிருந்து வடியும் நைட்ரஜன் மிசிசிப்பி ஆற்றோடு போய் ஒவ்வொரு கோடையிலும் மெக்சிகோ வளைகுடாவில் மீன் வாழ முடியாத ஒரு பரப்பை உண்டாக்குகிறது. இந்தச் செலவு எதுவும் மாட்டின் ஏப்பக் கணக்கில் வராது.

மேய்ச்சல் என்று பெயர் சொன்னாலே புண்ணியம் வந்துவிடும் என்றும் நான் வாதாட வரவில்லை. பிரேசிலில் அமேசான் காட்டை வெட்டி எரித்த நிலத்தில் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சலாகத்தான் ஆகியிருக்கிறது. உலகில் மாடு வளர்க்கும் முறைகளிலேயே பூமிக்கு அதிகக் கேடு செய்தது எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்லுவேன். அதுவும் புல் மேயும் மாடுதான். அதே தென்அமெரிக்காவில், கொலம்பியாவில், நாம் சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் சொல்லும் செடியை நெருக்கமாக நட்டு, இடையில் புல்லும் மேலே மரநிழலுமாக வைத்து, மாட்டை முறைவைத்து மேய்க்கிறார்கள்; குறைந்த நிலத்தில் கூடுதல் மாடு, உரச்செலவு குறைவு, பறவையும் பூச்சியும் திரும்பி வந்தன. ஆகவே மேய்ச்சலா கொட்டிலா என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த நிலம், எந்த நீர், எந்தத் தீவனம், சாணம் எங்கே போகிறது என்று நான்கையும் கேட்டால்தான் கிடைக்கும். குறிப்பில் இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட முழு விடை இல்லை.

நீரிலிருந்து தொடங்குகிறேன். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 15,400 லிட்டர் நீர் என்னும் எண்ணைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். மெக்கோனனும் ஹூக்ஸ்ட்ராவும் 2012-இல் கொடுத்த எண் அது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புல்லின் மேலும் தீவனப் பயிரின் மேலும் பெய்த மழைநீர். ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எடுத்த நீர் மிகச் சிறு பங்கு. பொதுவாக அந்தச் சிறு பங்கு மேய்ச்சல் முறையில் குறைவாகவும் தொழிற்பண்ணை முறையில் கூடுதலாகவும் இருக்கிறது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். எங்கள் மந்தைவெளியில் முளைக்கும் கொழுக்கட்டைப்புல்லுக்கும் ஊசிப்புல்லுக்கும் அருகுக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையே போதும். தங்கள் திட்டத்தில் வரும் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லுக்குப் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அதற்கு இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் என்று குறிப்பில் போட்டிருக்கிறது. தாமிரபரணிக் கால்வாய் பாயும் கரையில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் எளிதாகத் தோன்றும். நாங்குநேரிப் பக்கத்துப் பாறை நிலத்தில், குளம் பெருகினால்தான் கிணறு ஊறும் என்று வானத்தைப் பார்த்திருக்கும் ஊர்களில், அந்த இரண்டு துளையும் யார் கிணற்றை வற்றவைக்கும் என்று நாங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

தீவனம் அடுத்து. மக்காச்சோளமும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தவிடும் இங்கே சும்மா கிடப்பவை அல்ல. தொலைவிலிருந்து லாரியில் வர வேண்டும்; எங்கோ ஒரு வயலில் யூரியா போட்டு விளைவிக்கப்பட வேண்டும்; அந்த யூரியா, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடாகவும் காற்றில் கலக்கும். உலக உணவு வேளாண் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை, கால்நடைத் துறையின் மொத்த வெளியீட்டில் சுமார் 45 விழுக்காடு தீவனத்தை விளைவித்துப் பதப்படுத்துவதிலிருந்தும் சுமார் 39 விழுக்காடு அசைபோடும் வயிற்றிலிருந்தும் வருகிறது என்றது. வயிற்றைப் பார்த்துக் கை நீட்டும் குறிப்பு, தீவன மூட்டையைப் பார்க்கவேயில்லை.

சாணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. எங்களுக்கு அடுத்த ஊரில் தனியார் ஒருவர் சில ஆண்டுகளாகக் கேரளச் சந்தைக்கென்று கலப்பினக் காளைக்கன்றுகளை வாங்கிக் கட்டிக் கொழுக்கவைத்து விற்கிறார். சிமென்ட் தளம், இருபுறமும் தொட்டி, நடுவில் சாக்கடை. காலையும் மாலையும் குழாயைத் திறந்து தளத்தைக் கழுவுவார்கள்; சாணமும் மூத்திரமும் தண்ணீரும் ஒன்றாகக் கரைந்து பின்புறத்து மண்குழியில் போய் நிற்கும். வெயில் காலத்தில் அந்தக் குழியின் மேல் கருத்த ஆடை படிந்து, அதன் கீழிருந்து ஓயாமல் குமிழ் கிளம்பிக்கொண்டே இருக்கும். கம்பை விட்டுக் கிளறினால் பொங்கும். அந்தக் குமிழில் மீத்தேனும் இருக்கிறது. ஐ.பி.சி.சி. வழிகாட்டியின்படி, எங்கள் ஊரைப் போன்ற வெப்ப நிலத்தில் சாணம் மேய்ச்சல் தரையில் விழுந்து காய்ந்தால், அதிலிருந்து வரக்கூடிய உச்ச அளவு மீத்தேனில் 2 விழுக்காடுதான் வெளிவரும்; அதே சாணம் நீரில் கரைந்து குழியில் தேங்கினால் 80 விழுக்காடு வரை வரும். திருநெல்வேலி வெயிலில் சாணக்குழம்பைத் தேக்கிவைப்பது குளிர்நாட்டில் தேக்கிவைப்பது போன்றது அன்று.

அந்தக் குழிக்குக் கீழ்ச்சரிவில் கமலை இறைத்த காலத்துக் கிணறு ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் அதன் தண்ணீரை நானே புட்டியில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தேன். நைட்ரேட், குடிநீருக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருந்தது. குழி தோண்டுவதற்கு முன் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவர்கள் உலை வைத்தார்கள். இப்போது குளிக்கவும் துணி அலசவும் மட்டும் எடுக்கிறார்கள். அந்தக் கொட்டகையில் நிற்பவை நாற்பதுக்கு உட்பட்ட கன்றுகள். தாங்கள் இருநூறு என்கிறீர்கள். இருநூறு கன்று நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு டன் சாணம் போடும். அது எங்கே போகும், மழை பெய்து மறுகால் விழும் நாளில் குழி நிரம்பினால் எந்த வாய்க்காலில் இறங்கும் என்பதற்கு ஒரு வரைபடம்கூட இணைக்கப்படவில்லை.

மந்தைவெளியில் சாணத்துக்கு நடப்பது வேறு. காலையில் போட்ட சாணத்தை மதியத்துக்குள் வண்டுகள் துளைத்துவிடும். ஒன்று உருட்டிக்கொண்டு போகும், ஒன்று அடியிலேயே குழி பறித்து உள்ளே இழுக்கும். மேல் ஓடு இரண்டு மூன்று நாளில் மேலைக்காற்றில் காய்ந்து, புரட்டினால் அடியில் பொலபொலவென்று மண்தான் இருக்கும். கொட்டகை மாட்டுக்கு அடிக்கடி போடும் சில குடற்புழு ஊசிகள் சாணத்தில் இறங்கி இந்த வண்டுகளைக் கொல்லும் என்பது எங்கள் துறையினருக்குத் தெரிந்ததுதான்.

தை முடிவை ஒட்டிப் பிசான நெல் அறுவடை முடிந்ததும் மாடுகள் தாளடி மேய வயலில் இறங்கும். இரவில் அந்த வயலிலேயே கிடை போடுவார்கள். வயல்காரர் இரவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார். ‘ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்’ என்று சொல்வது எங்கள் வழக்கம். கிடை படுத்த வயலில் அடுத்து வரும் கார் நெற்போகத்துக்கு உரமூட்டை குறையும். வயலில் பயிர் நிற்கும் மாதங்களில், அதாவது ஆனி முதல் புரட்டாசி வரையும் மறுபடி ஐப்பசி முதல் தை வரையும், மாடு எங்கே நிற்கும்? மந்தைவெளியில்தான். அந்த நிலம் இல்லையென்றால் அந்த மாதங்களில் மாட்டை விற்க வேண்டும். மாட்டை விற்றால் கிடை இல்லை. கிடை இல்லையென்றால் வயலுக்கு யூரியாதான். பயனில்லை என்று தாங்கள் எழுதிய நிலம் இந்த முழுச் சுற்றையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. பங்குனி, சித்திரையில் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களிலிருந்து நெற்று உதிரும். மாடும் ஆடும் அதற்காகவே அடித்துப் பிடித்து ஓடும். அந்த நெற்றில் உள்ள துவர்ப்புச் சத்தான டானின் பெருவயிற்றில் மீத்தேனைக் குறைக்கக்கூடியது. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டவியல் நிறுவனம் டானின் மிகுந்த செடிகளிலிருந்து ‘ஹரித் தாரா’ என்னும் தீவனச் சேர்க்கையைச் செய்து, மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு வரை குறைக்கலாம் என்று 2021-இல் அறிவித்ததும் இதே துவர்ப்பை நம்பித்தான்.

மந்தைவெளி முன்போல் இல்லை என்று தாங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். சீமை உடை என்னும் சீமைக் கருவேலம் பரவி மூன்றில் ஒரு பங்கை மூடிவிட்டது. புல் தலைதூக்கும் முன்பே மாடு கடித்துவிடுவதால் சில இடங்களில் செம்மண் வெளியே தெரிகிறது. ஆனால் இது எதனால் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். களக்காடு முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகமானது; 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தது. காட்டின் நன்மைக்காகச் செய்தது, அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அடிவாரத்து மாடுகளெல்லாம் கீழே இறங்கின. கீழே இருந்த புறம்போக்குகளில் சில காற்றாலைக்கும் சில சூரியத் தகட்டுக்கும் போயின. எஞ்சிய நிலத்தில் மாடு நெருங்கியது. வைக்கோலையோ அறுவடை முடிந்த கையோடு இயந்திரத்தால் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். நெருக்கியது நாம், நெருக்கத்தால் தேய்ந்த நிலத்தைத் தரிசு என்று எழுதுவதும் நாம்.

மேய்ச்சல் நிலம் காற்றிலுள்ள கரியை (கார்பனை) மண்ணில் சேர்த்துவைத்து மாட்டின் மீத்தேன் முழுவதையும் ஈடுசெய்துவிடும் என்று சிலர் பேசுவதையும் நான் நம்பவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் போட்ட கணக்கில், உலக அளவில் மேய்ச்சல் மாடுகளின் ஆண்டு வெளியீட்டில் 20 முதல் 60 விழுக்காடு வரைதான், அதுவும் மேய்ச்சல் நன்றாக நிர்வகிக்கப்பட்டால், மண்ணில் அடங்கும். சில பத்தாண்டுகளில் அதுவும் நிரம்பி நின்றுவிடும் என்று வந்தது. எங்கள் பக்கத்து வறண்ட மண்ணில் அதிலும் குறைவாகவே இருக்கும் என்பது என் எண்ணம். இந்த நிலத்தைக் காக்கச் சொல்வதற்கு அந்த வாதம் எனக்குத் தேவைப்படவில்லை.

தங்கள் திட்டத்துக்குப் பின்னால் ஓர் உண்மையான கேள்வி இருப்பதையும் அறிவேன். தமிழ்நாட்டில் 2019 கணக்கெடுப்பின்படி 95 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மாடுகள். அவற்றில் பெரும்பான்மை கலப்பினம். கலப்பினப் பசு ஈனும் காளைக்கன்று ஏருக்கு ஆகாது. வீட்டுக்காரர் பாலை அதற்கு மிச்சம் வைப்பதில்லை. பல கன்றுகள் சில வாரங்களிலேயே மெலிந்து சாகின்றன. பணியில் இருந்தபோது தொழுவம் தொழுவமாக இதைப் பார்த்தேன். அப்படிச் செத்துப்போகும் கன்றை வளர்த்து இறைச்சியாக்குவது நிலத்துக்கும் மாட்டுக்கும் நல்லதே. தாய்ப்பசுவுக்கு ஆன செலவு எப்படியும் ஆகிவிட்டது. ஆனால் அதற்கு இருநூற்றை ஒரே இடத்தில் கட்ட வேண்டியதில்லை. வீட்டுக்கு இரண்டு மூன்று கன்று, சொந்த வைக்கோல், கிணற்றோரத்து அகத்தி, வேலிமசால், கொஞ்சம் தவிடு, சாணம் சொந்த எருக்குழிக்கு என்று நூறு வீடுகள் செய்தால் அதே இருநூறு கன்று வளரும். குழி பொங்காது, கிணறு கெடாது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடிவைத்துக் கொடுத்தால் செரிமானம் கூடி மாடு சீக்கிரம் எடை ஏறும். கிலோ கறிக்கு மீத்தேனும் குறையும். பல பத்தாண்டுகளாகத் தெரிந்த முறை இது. கோமாரித் தடுப்பூசி காலத்தில் போடுவதும், கிடேரி சீக்கிரம் சினை பிடிக்கத் தாது உப்புக் கொடுப்பதும்கூட மீத்தேனைக் குறைக்கும் வேலைதான். பயனின்றித் தின்றுகொண்டு நிற்கும் நாளைக் குறைப்பதுதானே அது. இதற்கெல்லாம் திறப்பு விழாக் கல்வெட்டு வைக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. ஊர்ப் பொது நிலங்களை ஊருக்கே மீட்டுக்கொடுக்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மந்தை, களம், மேய்ச்சல் தரை ஆகியவற்றின் பராமரிப்பைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. குறிப்பை வாசித்துவிட்டுப் போனதை ஊராட்சியின் இசைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஐக்கிய நாடுகள் அவையோ 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது.

எனவே தங்களிடம் கேட்பவை இவை. முதலாவது, மந்தைவெளியில் கம்பி வேலிக்கு அளவுகல் நடும் வேலையை உடனே நிறுத்த வேண்டும். அந்த நிலத்தைத் தரிசு என்று குறித்த வரியை நீக்கி, பயன்பாட்டிலுள்ள மேய்ச்சல் புறம்போக்கு என்று திருத்த வேண்டும். பருவநிலைக் கணக்கைப் பொறுத்தவரை, எங்கள் வட்டாரத்து மாட்டை வைத்து, பாலுக்கும் எருவுக்கும் உரிய பங்கைப் பிரித்து, தீவனம் விளைவித்தது, லாரியில் வந்தது, ஆழ்துளைக் கிணற்று நீர், சாணக்குழி ஆகிய நான்கையும் சேர்த்து மறுபடி போட்டு, அந்தத் தாளை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களையும், கிடை போடும் குடும்பங்களிலிருந்து இருவரையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், தொழுவத்து வேலை யார் கையில் இருக்கிறது என்று தங்களுக்கே தெரியும்.

கொட்டகை எங்கே வந்தாலும், இருபதுக்கு மேல் மாடு கட்டும் இடத்தில் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழியில் தேக்குவதைத் தடைசெய்து, சாண எரிவாயுக் கலனோ உலர் எருக்குழியோ கட்டாயம் என்று விதிக்க வேண்டும். பால்பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்தது. கொழுக்கவைக்கும் கொட்டகைக்கும் அதே கண்டிப்பு வேண்டும். அடுத்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குழுவே எடுத்துச் சோதித்து, முடிவை அந்த ஊர் மக்களிடம் சொல்ல வேண்டும்.

பண்ணைக்கென்று ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கைக் கொண்டு மந்தைவெளியிலுள்ள சீமை உடையை வேரோடு எடுத்து, வெட்டிய இடத்தில் கொழுக்கட்டைப்புல் விதைத்து, நிலத்தை மூன்று பாகமாக்கி ஆண்டுக்கு ஒரு பாகத்தை மாடு புகாமல் ஆறவிடும் ஏற்பாட்டை ஊராட்சியோடு சேர்ந்து செய்யுங்கள். எந்தப் பாகத்தை எப்போது அடைப்பது என்று மேய்ப்பவர்கள் கூடி முடிவு செய்துகொள்வார்கள். அதற்குக் கம்பிவேலி வேண்டாம், கிளுவை மரத்தின் கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் போதும்.

இவற்றுக்கான பதிலை அக்டோபர் 2 கிராமசபைக்கு முன்பாக எழுத்தில் தர வேண்டும். ஏற்க முடியாத கோரிக்கை எதுவும் இருந்தால், ஏன் முடியாது என்பதையும் அதே தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். கிராமசபையில் நாங்கள் அதை வாசிக்கச் செய்வோம்.

இப்படிக்கு,
களக்காட்டு மலையடிவாரத்து ஊரிலிருந்து,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவன்